வரிக்கு மாதக் கணக்கு, மரணத்துக்கு நான்காண்டுக் காத்திருப்பு

ஒவ்வொரு மாதத்தின் தொடக்கத்திலும் ஒன்றிய நிதியமைச்சகத்திலிருந்து ஓர் அட்டவணை வெளிவருகிறது. முந்தைய மாதத்தில் சரக்கு மற்றும் சேவை வரி எவ்வளவு வசூலானது, எந்த மாநிலத்தில் எத்தனை கோடி, சென்ற ஆண்டின் அதே மாதத்தைவிட எத்தனை விழுக்காடு கூடுதல் என்னும் விவரங்கள் அதில் முறையாக அடுக்கப்பட்டிருக்கும். லடாக் முதல் இலட்சத்தீவு வரை ஒரு வரிசையும் விடுபடாது. வசூல் உயர்ந்திருந்தால் அமைச்சர்கள் அன்றே அறிக்கை விடுவார்கள். மறுநாள் நாளேடுகளின் முதல் பக்கத்தில் அது இடம்பிடிக்கும்.

இதே ஒன்றிய அரசின் உள்துறை அமைச்சகத்தின்கீழ் இயங்கும் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் மாநிலவாரியாக ஓர் அட்டவணை தயாரிக்கிறது. எந்த மாநிலத்தில் எத்தனை பேர் இறந்தனர், எந்த நோயால் இறந்தனர் என்பதை அது கூற வேண்டும். கொரோனாவின் இரண்டாம் அலை நாட்டைச் சூறையாடிய 2021ஆம் ஆண்டுக்கான அந்த அறிக்கைகள் 2025 மே மாதத்தில்தான் வெளியாயின. சுடுகாடுகளில் இடமின்றி வாகன நிறுத்துமிடங்களில் சிதை மூட்டப்பட்ட ஆண்டின் கணக்கு, நான்காண்டுகள் கழித்து, பெரிய ஆரவாரமின்றி இணையதளத்தில் ஏற்றப்பட்டது.

இத்தாமதத்துக்குத் தொழில்நுட்பக் குறைபாட்டைக் காரணமாகக் கூறுவது நகைப்புக்குரியது. இரண்டு அட்டவணைகளையும் தயாரிப்பது ஒரே அரசு. வரி என்பது மக்கள் அரசுக்குத் தர வேண்டிய கணக்கு. மரணக் காரணம் என்பது அரசு மக்களுக்குத் தர வேண்டிய கணக்கு. முன்னதில் வட்டிக்கடைக்காரரின் விழிப்போடு இருக்கும் அரசு, பின்னதில் கடன்பட்டவர் ஒளிந்துகொள்வதைப்போல ஒளிந்துகொள்கிறது. எண்ணப்படும் ஒவ்வொரு சாவும் இழப்பீட்டுக்கோ, மருத்துவமனைக்கோ, வழக்குக்கோ உரிமை கோரும் என்பதை அது நன்கறியும்.

வெளிவந்த எண்களும் மறைந்த காரணங்களும்

2021இல் நாட்டில் பதிவான மரணங்கள் ஏறத்தாழ 1 கோடியே 2 லட்சம். 2020இல் இது 81 லட்சமாக இருந்தது. 2019இல் 76 லட்சமாக இருந்தது. முதல் உயர்வு 5 லட்சத்தை ஒட்டியது. அடுத்த உயர்வோ 21 லட்சம். அதே 2021இல் கொரோனாவால் இறந்தோர் என ஒன்றிய சுகாதார அமைச்சகம் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை ஏறத்தாழ 3.3 லட்சம் மட்டுமே.

இதைச் சுட்டிக்காட்டினால், பதிவு செய்யும் பழக்கம் மக்களிடையே மேம்பட்டுள்ளது, கூடுதலாகப் பதிவானவை அனைத்தும் கொரோனா மரணங்கள் அல்ல என்று அரசுத் தரப்பில் விடையளிக்கப்படுகிறது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஊரடங்கும் அச்சமும் அலுவலகக் கதவடைப்பும் நிறைந்த ஓர் ஆண்டில் மட்டும் பதிவுப் பழக்கம் நான்கு மடங்கு வேகத்தில் வளர்ந்தது எப்படி? அது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் கொரோனாவால் இறக்கவில்லை எனில் வேறு எதனால் இறந்தார்கள்? இக்கேள்விக்கு விடையளிக்க வேண்டிய ஆவணம் மரணக் காரணத்துக்கான மருத்துவச் சான்று. 2021இல் பதிவான மரணங்களில் அத்தகைய சான்று பெற்றவை 23.4 விழுக்காடு. எஞ்சிய நான்கில் மூன்று பங்கினர் எதனால் மாண்டனர் என்பதை எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. ஆகவே அரசின் வாதம் அரசையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

சான்று பெற்ற அந்தச் சிறு பங்கே போதுமான சாட்சியம் கூறுகிறது. அதில் மட்டும் கொரோனாவால் இறந்ததாக மருத்துவர்கள் எழுதியவை 4 லட்சத்து 13 ஆயிரத்துக்கும் மேல். அதாவது, நாட்டின் கால்பங்கு மரணங்களைக்கூட எட்டாத ஒரு பதிவேட்டின் எண்ணே, நாடு முழுமைக்கும் என்று சுகாதார அமைச்சகம் அறிவித்த எண்ணைத் தாண்டிவிட்டது. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் இந்தியாவில் ஏறத்தாழ 47 லட்சம் மரணங்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்தன என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டபோது, அதன் கணக்கிடும் முறையையே ஒன்றிய அரசு மறுத்தது. மறுக்கும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் மறுப்பவர் தம் கையிலிருந்த பதிவேட்டை அன்றே திறந்து காட்டியிருக்க வேண்டும். நான்காண்டு பூட்டிவைத்தவர்களுக்கு முறையியல் பற்றிப் பேசும் தகுதி இல்லை.

வளர்ச்சியின் முன்மாதிரி என்று பறைசாற்றப்படும் குஜராத்தைப் பாருங்கள். அம்மாநிலம் ஒப்புக்கொண்ட கொரோனா மரணங்கள் 2022 ஜனவரியில் 10,094. உச்ச நீதிமன்ற ஆணையின்படி இழப்பீடு வழங்கத் தொடங்கியபோது வந்து குவிந்த விண்ணப்பங்கள் 89,633. அவற்றுள் 68,370 விண்ணப்பங்களை அம்மாநில அரசே ஏற்றுக்கொண்டது. அரசின் ஒரு கை எழுதிய எண்ணை அதன் மறு கையே ஏறக்குறைய ஏழு மடங்காகத் திருத்தி எழுதியது.

இக்குருட்டுத்தனம் கொரோனாவோடு தோன்றியதன்று. 2010இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வொன்று, குடும்பத்தாரிடம் நோய்க்குறிகளைக் கேட்டறியும் வாய்மொழி விசாரணை முறையில், இந்தியாவில் ஆண்டுதோறும் 70 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் மலேரியாவால் இறப்பதாக மதிப்பிட்டது. அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 15 ஆயிரம். அரசுத் திட்டத்தின் கணக்கோ அதைவிடப் பன்மடங்கு குறைவு. ஆய்வு கண்ட மரணங்களில் 90 விழுக்காடு சிற்றூர்களில் நிகழ்ந்தவை. 86 விழுக்காடு எந்த மருத்துவமனைக்கும் செல்லாமலே நிகழ்ந்தவை. ஒடிசாவின் ஆதிவாசிக் கிராமங்கள் அவற்றுள் முன்னின்றன. ஆய்வின் மதிப்பீடு மிகையென வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் மருத்துவமனையில் இறப்பவர்களை மட்டுமே எண்ணும் நாட்டில், மருத்துவமனையே இல்லாத ஊரின் சாவு கணக்கில் ஏறாது என்பதை எவராலும் மறுக்க முடியவில்லை.

எண் இல்லையேல் இழப்பீடும் இல்லை

2020 மார்ச் 14 அன்று கொரோனாவைப் பேரிடராக அறிவித்து ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்கலாம் என்று அதில் இருந்தது. அதே நாளில் அவ்வரி நீக்கப்பட்டுத் திருத்திய கடிதம் அனுப்பப்பட்டது.

அவ்வாண்டு செப்டம்பரில், ஊரடங்கின்போது நடந்தே ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் மாண்டனர், அவர்தம் குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று மக்களவையில் கேட்கப்பட்டது. அத்தகைய புள்ளிவிவரம் பராமரிக்கப்படவில்லை. ஆதலால் இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் துறை விடையளித்தது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாகக் குறிப்பிட்டு எந்த மாநிலமும் அறிக்கை அனுப்பவில்லை என்று சுகாதார அமைச்சகம் கூறியது. இரண்டு விடைகளின் தருக்கமும் ஒன்றே. முதலில் எண்ணாதே; பிறகு எண் இல்லை என்று சொல்; இறுதியில் எண் இல்லாததால் பொறுப்பும் இல்லை என்று முடித்துவிடு.

வரியும் மரணமும் நேருக்கு நேர் சந்தித்த இடம் உச்ச நீதிமன்றம். பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி இழப்பீடு கோரிய வழக்கில், தலா 4 லட்சம் வழங்குவது மாநில அரசுகளின் நிதி வலிமைக்கு அப்பாற்பட்டது என்று 2021 ஜூனில் ஒன்றிய அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. வரி வருவாய் குறைந்துவிட்டது, மருத்துவச் செலவு கூடிவிட்டது என்பன அதில் கூறப்பட்ட காரணங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அன்று அரசு ஒப்புக்கொண்ட மரணங்கள் 4 லட்சத்தை நெருங்கியிருந்தன. தலா 4 லட்சம் என்றால் தேவைப்படும் தொகை 16 ஆயிரம் கோடி ரூபாய். அதற்கு முந்தைய 2020-21 நிதியாண்டில் பெட்ரோல், டீசல் உள்ளிட்ட பெட்ரோலியப் பொருட்களின் மீதான கலால் வரியாக ஒன்றிய அரசு திரட்டியது 3 லட்சத்து 72 ஆயிரம் கோடி ரூபாய். உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்த காலத்தில், 2020 மே மாதம், பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை உயர்த்திச் சேர்த்த பணம் அது. இறந்தோர் குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பெருந்தொற்றுக்குச் சில மாதங்கள் முன்பு, 2019 செப்டம்பரில், கார்ப்பரேட் வரி விகிதத்தை 30இலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதியமைச்சகமே மதிப்பிட்டது. அப்போது நிதி வலிமை பற்றிய கவலை எழவில்லை. பெருமுதலாளிகளுக்கு விட்டுக்கொடுக்கையில் நிரம்பி வழிந்த கருவூலம், விதவைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் தர வேண்டிய வேளையில் வறண்டுபோயிற்று.

இறுதியில் முடிவானது தலா 50 ஆயிரம் ரூபாய். அதுவும் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து. உண்மை எண் 4 லட்சமன்று, அதைப்போலப் பன்மடங்கு என்று ஏற்றுக்கொண்டிருந்தால் தர வேண்டிய தொகையும் பன்மடங்காகியிருக்கும். மரண எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவதில் ஆட்சியாளர்களின் மானப் பிரச்சினை மட்டும் இல்லை. கருவூலப் பிரச்சினையும் இருக்கிறது.

வேலை கோத்ராவில், சாவு அலிராஜ்பூரில்

மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களின் ஆதிவாசிகள் குஜராத்தின் கோத்ரா, பாலாசினோர் பகுதிகளில் இருந்த படிகக்கல் அரைவை ஆலைகளுக்கு வேலைக்குச் சென்றார்கள். கல் மாவாகிக் கண்ணாடித் தொழிலுக்குச் சென்றது. மாவின் தூசு தொழிலாளர்களின் நுரையீரலுக்குள் சென்றது. சில மாத வேலையிலேயே சிலிக்கோசிஸ் நோய்க்கு ஆளானவர்கள் இருமிக்கொண்டே ஊர் திரும்பி ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். காசநோய் என்று கருதி மருந்து உண்டவர்கள் பலர். ஆலையின் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. அடையாள அட்டை இல்லை.

இந்நிகழ்வை இரண்டு அட்டவணைகளிலும் தேடிப் பாருங்கள். அரைவை ஆலைகளின் உற்பத்தியும் அதற்கான வரியும் குஜராத்தின் வரிசையில் ஏறின. மரணங்கள், பதிவாகியிருந்தால், மத்தியப் பிரதேசத்தின் வரிசையில் ஏறின; அங்கும் சிலிக்கோசிஸ் என்ற பெயரில் அன்று. ஒரு மாநிலம் செழித்ததாகவும் மற்றொரு மாநிலம் பின்தங்கியதாகவும் புள்ளிவிவரம் காட்டும். இரண்டையும் இணைக்கும் சுரண்டலின் கயிறு எந்தக் கட்டத்திலும் தென்படாது.

அதைத் தென்படச் செய்தவர்கள், ஊர் ஊராகச் சென்று பெயர்களைத் திரட்டிய பாதிக்கப்பட்டோரும் அவர்களுக்குத் துணைநின்றோருமே. அவ்விவரத்தின் வலிமையால் 2010இல் தேசிய மனித உரிமை ஆணையம், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாயைக் குஜராத் அரசு வழங்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்பணத்தை வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட 2016 மே மாதம் ஆயிற்று. வரி நிலுவைக்கு ஆறாண்டு அவகாசம் எந்த ஏழைக்கு எந்த அரசு தந்தது?

எண்ணினால் உரிமை பிறக்கும் என்பதற்கு இராஜஸ்தான் சான்று. கல்குவாரித் தொழிலாளர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2019இல் அங்கே தனிக் கொள்கை வகுக்கப்பட்டது. சிலிக்கோசிஸ் என்று சான்றளிக்கப்பட்டவருக்கு 3 லட்சம் ரூபாய், இறந்தபின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் என வரையறுக்கப்பட்டது. நோய்க்குப் பெயர் எழுதப்பட்ட பிறகே பணம் வந்தது.

மாநிலத்துக்கு மாநிலம் பகையன்று

வரி வருவாயின் மாநிலவாரிப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்னொரு வாதமும் நடக்கிறது. தெற்கு உழைக்கிறது, வடக்கு உண்கிறது; நாம் தரும் ஒரு ரூபாயில் நமக்குத் திரும்புவது சில காசுகள் என்பது அது. 15வது நிதிக்குழுவின் பங்கீட்டில் உத்தரப்பிரதேசத்துக்கு 17.94, பீகாருக்கு 10.06, தமிழ்நாட்டுக்கு 4.08, கேரளத்துக்கு 1.93 விழுக்காடு கிடைத்தன. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் தண்டிக்கப்படுகின்றன என்ற குறை நியாயமானது. இடதுசாரிகள் அதைத் தொடர்ந்து எழுப்பி வருகின்றனர். ஆனால் பீகாரின் ஏழையைப் பகைவனாகக் காட்டும் வாதம் நச்சுத்தன்மை வாய்ந்தது.

நாட்டின் நேரடி வரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மகாராஷ்டிரத்தின் பெயரில் பதிவாகிறது. நாட்டின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு அங்கே நிகழ்வதால் அன்று. பெருநிறுவனங்களின் தலைமையகங்கள் மும்பையில் இருப்பதால். ஜார்க்கண்டில் வெட்டிய கனிமத்தின் இலாபமும், ஒடிசாவில் உருக்கிய உலோகத்தின் இலாபமும் நிறுவனம் பதிவுபெற்ற நகரத்தில் கணக்குக் காட்டப்படுகின்றன. திருப்பூரிலும் சூரத்திலும் இயந்திரம் ஓட்டும் பீகார் இளைஞனின் உழைப்பு அந்தந்த மாநிலத்தின் வருவாயாகிறது. நோயுற்றபின் அவன் திரும்பிச் செல்வது பீகாருக்கு. அங்கே பதிவாகும் மரணங்களில் மருத்துவச் சான்று பெறுபவை இருபதில் ஒன்றைக்கூட எட்டுவதில்லை.

பங்கீட்டுச் சண்டையில் மாநிலங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்க, பங்குக்கே வராத பணத்தை ஒன்றிய அரசு தனியே சுருட்டிக்கொள்கிறது. செஸ், சர்சார்ஜ் ஆகியவற்றை மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. 2011-12இல் ஒன்றியத்தின் மொத்த வரியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருந்த அவை, பெருந்தொற்றுக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கை எட்டின. 2021 பிப்ரவரிக்குப் பின் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்றிய அரசு எடுத்தது 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு மட்டுமே. 41 விழுக்காடு என்பது ஏட்டில் உள்ளது. 2020-21இல் மொத்த வரியில் மாநிலங்களைச் சென்றடைந்த பங்கு 30 விழுக்காட்டைத் தொடவில்லை.

இவற்றுள் கொடுமையானது வருமான வரியின் மீது விதிக்கப்படும் 4 விழுக்காட்டு 'சுகாதாரம் மற்றும் கல்வி செஸ்'. மருத்துவமனைகளை நடத்துவது மாநிலங்கள். நாட்டின் அரசு மருத்துவச் செலவில் பெரும்பகுதியைச் சுமப்பதும் மாநிலங்கள். சுகாதாரத்தின் பெயரால் வசூலாகும் பணத்திலோ அவற்றுக்குச் சட்டப்படியான பங்கு இல்லை. சரக்கு சேவை வரிக்குப் பின் மாநிலங்களின் கையில் எஞ்சிய பெரிய வரிகள் எரிபொருளும் மதுவும்தாம். தமிழ்நாட்டில் 2024-25இல் மதுவழி வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. கல்லீரல் கெட்டு மாண்டோரின் எண்ணிக்கையும் அத்தொகைக்குப் பக்கத்திலேயே ஆண்டுதோறும் அச்சிடப்பட வேண்டும். அப்போதுதான் அந்த வருவாயின் உண்மை விலை தெரியும்.

எண்ணுவதும் வர்க்கப் போராட்டமே

1845இல் வெளிவந்த இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலில், எங்கெல்ஸ் மான்செஸ்டரின் மரண விகிதங்களைத் தெருவின் தரம், வீட்டின் தரம் எனப் பிரித்துக் காட்டினார். அந்த எண்களின் அடிப்படையில்தான் அவரால் அம்மரணங்களைச் சமூகக் கொலை என்று குற்றஞ்சாட்ட முடிந்தது. இந்தியாவில் மரணப் பதிவுப் படிவத்தில் தொழில் என்னும் கட்டம் இருக்கிறது. ஆனால் மருத்துவச் சான்று அறிக்கை நோயை வயதோடும் பாலினத்தோடும் இணைத்துக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. எந்தத் தொழில் செய்தவர் எந்த நோயால் இறந்தார் என்பது வெளிவந்தால் முதலாளிகளின் பெயர்களும் வெளிவரும்.

இவ்விஷயத்தில் இடதுசாரிகள் தம் இல்லத்தையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பொது சுகாதாரத்தில் நாட்டுக்கே வழிகாட்டும் கேரளத்திலும் மருத்துவச் சான்று பெறும் மரணங்களின் விகிதம் தேசிய சராசரிக்குக் கீழேதான் இருந்து வந்துள்ளது. கொரோனாவின்போது தொடக்கத்தில் விடுபட்ட மரணங்களும் அங்கு உண்டு. ஆனால் பின்னர் இடது ஜனநாயக முன்னணி அரசு மேல்முறையீடுகளை ஏற்று ஆயிரக்கணக்கான மரணங்களைப் பட்டியலில் சேர்த்தது. எண்ணிக்கை உயர்ந்ததை வைத்து எதிரிகள் ஏளனம் செய்தனர். உயர்ந்த ஒவ்வொரு எண்ணும் ஒரு குடும்பத்தின் உரிமையாயிற்று.

கோரிக்கைகள் தெளிவானவை. மாநிலவாரி மரண எண்ணிக்கை, வரி வசூலைப் போலவே மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும். காரணங்கள் அடங்கிய முழு அறிக்கை ஓராண்டுக்குள் வர வேண்டும். வீட்டில் நிகழும் மரணங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியே வாய்மொழி விசாரணை நடத்தப்பட வேண்டும். அதற்கு மருத்துவர்களும் ஊழியர்களும் நிரந்தரப் பணியில் நியமிக்கப்பட வேண்டும். நோயோடு தொழிலும், இறந்தவர் கடைசியாக வேலை செய்த மாநிலமும் இணைத்து வெளியிடப்பட வேண்டும். தொழில்சார் நோயால் இறந்தவரின் குடும்பத்துக்கு, உழைப்பை உறிஞ்சிய நிறுவனமும் வரி பெற்ற மாநிலமும் இழப்பீடு தர வேண்டும். செஸ்ஸும் சர்சார்ஜும் பகிர்வுக்குள் கொண்டுவரப்பட வேண்டும். 16வது நிதிக்குழுவிடம் தமிழ்நாடும் கேரளமும் கோரிய 50 விழுக்காட்டுப் பங்கு, எல்லா மாநில உழைக்கும் மக்களின் பொதுக் கோரிக்கையாக வேண்டும்.

இவை நாடாளுமன்றத்தில் மட்டும் வெல்லக்கூடியவை அல்ல. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தப்படி, மருத்துவ நிறுவனம் மரணக் காரணச் சான்றைப் பதிவாளருக்கு அனுப்புவதோடு, நெருங்கிய உறவினருக்கும் ஒரு படி தர வேண்டும். இவ்வுரிமையை அறியாத குடும்பங்களே மிகுதி. தொழிற்சங்கத்திலும் விவசாயிகள் சங்கத்திலும் விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் பணியாற்றும் தோழர்கள், தம் பகுதியில் நிகழும் ஒவ்வொரு தொழிலாளியின் மரணத்தின்போதும் அச்சான்றைப் பெற்றுத் தர வேண்டும். தொழில் என்னும் கட்டம் சரியாக நிரப்பப்பட்டதா எனப் பார்க்க வேண்டும். சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்து எழுத வேண்டும். அலிராஜ்பூரில் 238 பெயர்கள் அவ்வாறுதான் உச்ச நீதிமன்றம் வரை சென்றன.